வீட்டு மெயில் சர்வரில் டிஎன்எஸ் தேடல் தோல்வி: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

வீட்டில் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பவர்களை டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைச் சொல்லும் அமைப்பு) சிக்கல் அலைக்கழிப்பதுபோல் வேறெதுவும் அலைக்கழிப்பதில்லை. பிரவுசரில் எல்லாத் தளங்களும் திறக்கும். சர்வருக்குள் நுழைந்து பிங் அடித்தால் பதில் வரும். ஆனால் மெயில் மட்டும் வரிசையில் நின்றுகொண்டே இருக்கும். இணையம் வேலை செய்யும்போது மெயில் ஏன் போகவில்லை என்று குழம்பி, கண்ட இடத்தில் கைவைத்து, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுவது அப்போதுதான்.

பிரவுசருக்கு ஒரு பெயரின் ஐபி முகவரி கிடைத்தால் போதும். மெயில் சர்வருக்கு அது போதாது. அனுப்பும்போது எதிர்த் தரப்பின் எம்எக்ஸ் பதிவை, அதாவது அந்த டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்ற குறிப்பை, கேட்கும், அதில் கிடைத்த பெயரின் முகவரியைக் கேட்கும். மெயில் உள்ளே வரும்போது அனுப்பியவரின் ஐபிக்கு என்ன பெயர் என்று தலைகீழாகத் தேடும். அனுப்பியவர் போலியில்லை என்று சோதிக்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் டிஎக்ஸ்டி என்ற உரைப் பதிவுகளில் பார்க்கும். ஸ்பேம் தடைப் பட்டியல்களையும் டிஎன்எஸ் வழியாகவே கேட்கும். இந்தக் கேள்விகளில் ஒன்று பழுதானாலும் மெயில் நிற்கும், மற்றது எல்லாம் ஓடும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது மூன்று விஷயங்களை: எந்தப் பெயரைப் பற்றிய கேள்வி, யாரிடம் கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இவற்றுக்கு விடை காணத்தான். ராஸ்பெர்ரி பை அல்லது பழைய லேப்டாப்பில் டெபியனோ உபுண்டுவோ போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் நிரலை ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

தொடங்கும் முன்: மெயிலைக் காப்பாற்றுங்கள்

உங்கள் மெயில் தொலைந்துவிடவில்லை. தற்காலிகத் தோல்வி என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு, அமைப்பை நீங்கள் மாற்றாதவரை, 5 நாள் திரும்பத் திரும்ப முயலும். உங்களுக்கு அனுப்பும் சர்வர்களும் பொதுவாக இப்படித்தான் காத்திருக்கும். ஆபத்து எங்கே என்றால், தற்காலிகத் தோல்வியை நிரந்தரத் தோல்வியாக உங்கள் சர்வர் தவறாக அறிவித்துவிடும்போதுதான். அதைத் தடுக்க, பழுது பார்க்கும் நேரத்துக்கு மட்டும் 'போஸ்ட்கான்ஃப் -இ சாஃப்ட்_பவுன்ஸ்=எஸ்' என்று கொடுத்து போஸ்ட்ஃபிக்ஸை ரீலோடு செய்யுங்கள். இதன் பிறகு 5-இல் தொடங்கும் நிராகரிப்புகள் எல்லாம் 4-இல் தொடங்குபவையாக மாறிவிடும். யாருடைய மெயிலும் திருப்பி அடிக்கப்படாது. வேலை முடிந்ததும் இதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

படி 1: லாகில் அந்த ஒரு வரியை முழுதாகப் படியுங்கள்

மெயில் லாக் பொதுவாக வார் அடைவுக்குள் லாக் அடைவில் 'மெயில்.லாக்' என்ற பெயரில் இருக்கும். டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவியிருந்தால் அந்த ஃபைலே இல்லாமல் இருக்கலாம். அப்போது 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் போஸ்ட்ஃபிக்ஸ் வரிகளைத் தேடுங்கள்.

அனுப்பும் மெயில் நின்றால் இப்படி ஒரு வரி இருக்கும்: 'ஹோஸ்ட் ஆர் டொமைன் நேம் நாட் ஃபவுண்ட். நேம் சர்வீஸ் எரர்', அதற்கடுத்து எந்தப் பெயர், எந்த வகைப் பதிவு, கடைசியாக 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட், ட்ரை அகெய்ன்'. முடிவில் 'ட்ரை அகெய்ன்' இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம். அது இருந்தால் 4.4.3 என்ற குறியீடு கூடவே இருக்கும். பதில் கிடைக்கவில்லை, அல்லது கேட்கப்பட்டவர் தடுமாறினார் என்று பொருள். அது இல்லாமல் வெறும் 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்' என்று 5.4.4 குறியீட்டுடன் முடிந்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று உறுதியான பதில் வந்துவிட்டது. பெரும்பாலும் முகவரியைத் தட்டியதில் எழுத்துப்பிழை.

உள்ளே வரும் மெயில் நின்றால் 'செண்டர் அட்ரஸ் ரிஜெக்டட்: டொமைன் நாட் ஃபவுண்ட்' என்றோ, 'கிளையண்ட் ஹோஸ்ட் ரிஜெக்டட்: கேனாட் ஃபைண்ட் யுவர் ஹோஸ்ட்நேம்' என்றோ 450 எண்ணுடன் இருக்கும்.

அடுத்து, இந்தப் பிழை ஒரே ஒரு டொமைனுக்கு வருகிறதா, எல்லா டொமைனுக்கும் வருகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் பழுது அவர்கள் பக்கம். எல்லாவற்றுக்கும் என்றால் உங்கள் ரிசால்வரில், அதாவது உங்களுக்காக டிஎன்எஸ் பதில்களைத் தேடித்தரும் சர்வரில். இந்தச் சின்னச் சோதனையே பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ரிலே வழியாக, அதாவது வேறொரு சர்வரிடம் கொடுத்து, அனுப்புகிறவர்கள் இங்கேயே இன்னொன்றையும் சரிபார்க்கலாம். 'ரிலேஹோஸ்ட்' வரியில் ரிலே சர்வரின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களா? அடைப்புக்குறி இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவைத் தேடும், அது வேறு எங்காவது கொண்டுபோய் விடும். அடைப்புக்குறி போட்டால் நேராக முகவரியைத் தேடும். புதிதாக வருபவர்கள் நிறையப் பேர் இதில்தான் சிக்குகிறார்கள்.

படி 2: அதே கேள்வியை நீங்களே கேளுங்கள்

'டிக்' என்ற கருவி வேண்டும். டெபியனில் 'பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. லாகில் பார்த்த பெயரையும் வகையையும் அப்படியே கேளுங்கள். உதாரணமாக: 'டிக் எம்எக்ஸ் ஜிமெயில்.காம்'.

வரும் பதிலில் 'ஸ்டேட்டஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'நோஎரர்' என்றால் கேள்வி ஒழுங்காகப் போய் வந்தது. ஆனால் 'ஆன்சர்' எண்ணிக்கை 0 என்றால் பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகைப் பதிவு இல்லை. 'என்எக்ஸ்டொமைன்' என்றால் பெயரே இல்லை. 'சர்வ்ஃபெயில்' என்றால் ரிசால்வர் முயன்று தோற்றது. 'ரெஃப்யூஸ்டு' என்றால் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது. எதுவுமே வராமல் நேரம் கடந்தால், கேள்வி போய்ச் சேரவில்லை அல்லது பதில் திரும்பவில்லை. ரூட்டரையும் ஃபயர்வாலையும் பாருங்கள்.

ஒரு டொமைனுக்கு எம்எக்ஸ் பதிவே இல்லாவிட்டாலும் அது தவறு ஆகாது. மெயில் நெறிமுறைப்படி, எம்எக்ஸ் இல்லையென்றால் அந்தப் பெயரின் முகவரிக்கே நேராக அனுப்பிப் பார்க்க வேண்டும். மெயிலே வேண்டாம் என்று சொல்ல விரும்பும் டொமைன்கள், 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7505 சொல்கிறபடி, வெறும் புள்ளியை எம்எக்ஸ் ஆக வைத்திருக்கும். அதைப் பார்த்துப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

படி 3: சர்வர் யாரிடம் கேட்கிறது?

நீங்கள் டிக்கில் கேட்டால் சரியான பதில், போஸ்ட்ஃபிக்ஸ் கேட்டால் தோல்வி. இந்த நிலை வந்தால் இருவரும் வேறு வேறு ஆளிடம் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எடிசி அடைவில் உள்ள 'ரிசால்வ்.கான்ஃப்' ஃபைலைத் திறந்து 'நேம்சர்வர்' வரியைப் பாருங்கள். 127.0.0.53 என்று இருந்தால் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற உள்ளூர் ரிசால்வர் நடுவில் நிற்கிறது. 192.168-இல் தொடங்கினால் வீட்டு ரூட்டரிடம் கேட்கிறீர்கள். 8.8.8.8, 1.1.1.1 போன்றவை பொது ரிசால்வர்கள்.

ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் இந்த ஃபைலைத்தான் படிக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். டெபியன், உபுண்டு பதிப்புகள் பலவற்றில் போஸ்ட்ஃபிக்ஸின் பகுதிகள் வார் அடைவுக்குள் 'ஸ்பூல்', அதற்குள் 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற அடைவுக்குள் பூட்டப்பட்டு ஓடும். குரூட் என்பது இதைத்தான். உள்ளே இருக்கும் நிரலுக்கு அந்த அடைவுதான் முழு உலகம். அதற்குள் தனியாக ஒரு எடிசி, தனியாக ஒரு ரிசால்வ்.கான்ஃப். போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்போது வெளியே உள்ள ஃபைலை உள்ளே நகலெடுத்து வைக்கும். அத்தோடு சரி.

இப்போது மின்வெட்டு வந்து போகிறது என்று வையுங்கள். பை உடனே எழுந்துவிடுகிறது, ரூட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்போது நெட்வொர்க் இல்லை, ரிசால்வ்.கான்ஃப் காலி. காலி ஃபைலை நகலெடுத்துக்கொள்கிறது. பிறகு நெட்வொர்க் வந்து வெளி ஃபைல் நிரம்பினாலும் உள்ளே இருப்பது காலியாகவே கிடக்கிறது. நீங்கள் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, மெயில் மட்டும் போகவில்லை. வீட்டு சர்வர்களில் இது மிகவும் சகஜமான பழுது. 'போஸ்ட்ஃபிக்ஸ் செக்' என்று ஓட்டினால் இரண்டு ஃபைலும் வேறுபடுகின்றன என்று எச்சரிக்கை வரும். போஸ்ட்ஃபிக்ஸை முழுதாக ரீஸ்டார்ட் செய்தால் நகல் புதுப்பிக்கப்பட்டு அப்போதைக்குச் சரியாகிவிடும். மறுபடி வராமல் இருக்க, சிஸ்டம்டியில் போஸ்ட்ஃபிக்ஸ் சர்வீஸை 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' வந்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி படி 5-இல் வருகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எடிசி அடைவின் 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலில் ஒரு பெயரை எழுதி வைத்தால் பிங் அதை மதிக்கும், டிக் மதிக்காது. போஸ்ட்ஃபிக்ஸின் அனுப்பும் பகுதியும், 'எஸ்எம்டிபி_ஹோஸ்ட்_லுக்கப்' அமைப்பை நீங்கள் மாற்றாதவரை, அதைப் பார்க்காது. ஆகவே மெயில் சிக்கலுக்குப் பிங் ஒருபோதும் நல்ல சோதனை இல்லை.

படி 4: ரிசால்வரைத் தாண்டிப் பாருங்கள்

ரிசால்வர் சர்வ்ஃபெயில் தருகிறது என்றால், அது ரிசால்வரின் குற்றமா, டொமைனின் குற்றமா? 'டிக் @1.1.1.1 எம்எக்ஸ்' என்று பெயரோடு கேட்டு வேறொருவரிடம் அதே கேள்வியைப் போடுங்கள். அங்கே பதில் வந்தால் உங்கள் ரிசால்வரில் பழுது. அங்கேயும் தோல்வி என்றால் '+ட்ரேஸ்' சேர்த்துக் கேளுங்கள். டிக், டிஎன்எஸ்ஸின் உச்சியில் உள்ள ரூட் சர்வரிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, எந்த நேம்சர்வரில் தடம் அறுகிறது என்று காட்டிவிடும்.

அடுத்தது டிஎன்எஸ்செக், அதாவது டிஎன்எஸ் பதில்களுக்கு இடும் டிஜிட்டல் கையெழுத்து. '+சிடி' சேர்த்துக் கேட்டால், கையெழுத்தைச் சரிபார்க்காமல் பதில் கொடு என்று பொருள். சாதாரணமாகக் கேட்டால் சர்வ்ஃபெயில், +சிடி போட்டால் பதில் வருகிறது என்றால், சரிபார்ப்பில்தான் பிரச்சினை. ஒரு டொமைனுக்கு மட்டும் என்றால் அவர்கள் கையெழுத்து காலாவதியாகியிருக்கும். எல்லாவற்றுக்கும் என்றால் உங்கள் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள்.

கடிகாரமா என்று தோன்றலாம். டிஎன்எஸ்செக் கையெழுத்துக்குத் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் உண்டு. ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. பை 5-இல் இருந்தாலும் பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். சில வாரம் அணைந்து கிடந்த பலகையை எழுப்பினால் அது பழைய தேதியிலேயே விழிக்கும். அந்தத் தேதிக்கு இன்றைய கையெழுத்து எதுவும் செல்லாது. எல்லாப் பெயர்களும் சர்வ்ஃபெயில். நேரத்தைச் சரிசெய்ய என்டிபி சர்வரின், அதாவது சரியான நேரம் சொல்லும் சர்வரின், பெயரைத் தேட வேண்டும், அந்தத் தேடலும் தோற்கும். இந்த முடிச்சை அவிழ்க்க, எடிசி அடைவில் சிஸ்டம்டி அடைவுக்குள் உள்ள 'டைம்சின்க்டி.கான்ஃப்' ஃபைலில் என்டிபி வரியில் பெயரோடு ஒரு ஐபி முகவரியையும் சேர்த்துவிடுங்கள். கிளவுட்ஃபிளேரின் நேரச் சர்வர் 162.159.200.1 அதற்குப் பொருந்தும்.

சில இணைய நிறுவனங்களும் சில ரூட்டர்களும் 53-ஆம் போர்ட்டில் போகும் எல்லாக் கேள்விகளையும் வழிமறித்துத் தாங்களே பதில் சொல்லும். கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி: 192.0.2.1 என்ற முகவரியிடம் கேள்வி கேளுங்கள். அது ஆவணங்களில் உதாரணம் காட்ட ஒதுக்கப்பட்ட முகவரி. அங்கே எந்தச் சர்வரும் இருக்க முடியாது. அதிலிருந்து பதில் வந்தால் நடுவில் யாரோ இருக்கிறார்கள்.

படி 5: சொந்த ரிசால்வர் வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். மெயில் சர்வர் இருக்கும் அதே இயந்திரத்தில் அன்பவுண்டு என்ற ரிசால்வர் நிரலை நிறுவி, அது நேராக ரூட் சர்வர்களிடமிருந்து தேடிக்கொள்ளட்டும். நினைவகம் அதிகம் தின்னாது, பையிலேயே சுகமாக ஓடும். ரிசால்வ்.கான்ஃபில் 127.0.0.1 என்ற ஒரே வரி நிரந்தரமாக இருக்கும்; மேலே சொன்ன குரூட் நகல் சிக்கலுக்கும் அதோடு முடிவு, ஏனென்றால் உள்ளேயும் வெளியேயும் என்றும் ஒரே வரிதான்.

ஸ்பேம் தடைப் பட்டியல்தான் இன்னும் பெரிய காரணம். ஸ்பாம்ஹவுஸ் போன்ற பட்டியல்கள் 8.8.8.8 மாதிரியான பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விகளை ஏற்பதில்லை. மறுக்கும்போது 127.255.255.254 என்ற பதிலைத் தரும். 'ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையண்ட்' வரியில் பட்டியலின் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தால், பட்டியல் தந்த எந்தப் பதிலையும் போஸ்ட்ஃபிக்ஸ் 'இவர் ஸ்பேமர்' என்றே எடுத்துக்கொள்ளும். விளைவு, உங்களுக்கு வரும் எல்லா மெயிலும் நிராகரிக்கப்படும். லாகில் 'ஓப்பன் ரிசால்வர்' என்ற சொற்கள் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. பட்டியலின் பெயருக்குப் பின்னால் '=127.0.0.[2..11]' என்று சேர்த்துவிட்டால் உண்மையான பதில்களை மட்டும் மதிக்கும். ரிசால்வரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இந்தச் சேர்க்கை இருக்க வேண்டும்.

நிறுவும் வரிசையில் கவனம் வேண்டும். முதலில் அன்பவுண்டை நிறுவுங்கள். 'டிக் @127.0.0.1 எம்எக்ஸ் ஜிமெயில்.காம்' என்று கேட்டுப் பதில் வருகிறதா பாருங்கள். வந்த பிறகுதான் சிஸ்டம்டி-ரிசால்வ்டை நிறுத்தி, ரிசால்வ்.கான்ஃப் இணைப்பை அழித்து, புதிய ஃபைலில் நேம்சர்வர் 127.0.0.1 என்று எழுத வேண்டும். மாற்றிச் செய்தால் தொகுப்பை இறக்கவே வழியில்லாமல் போகும். நெட்வொர்க்மேனேஜர் அந்த ஃபைலை மீண்டும் எழுதிவிடாமல் இருக்க, அதன் அமைப்பில் 'மெயின்' பகுதியில் 'டிஎன்எஸ்=நன்' என்று சேருங்கள். கடைசியாகப் போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சரி, இப்போது தடைப் பட்டியலைச் சோதிக்கலாம். '2.0.0.127.ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க்' என்ற பெயரைக் கேளுங்கள். இது சோதனைக்கென்றே வைத்த பதிவு, 127.0.0.2 பதிலில் வந்தால் எல்லாம் சரி. மறுபடியும் 127.255.255.254 வருகிறதா? வீட்டு இணைப்பின் ஐபிக்கு இணைய நிறுவனம் பொதுப்படையான பெயர் வைத்திருந்தாலும் இப்படி மறுப்பார்கள். ஸ்பாம்ஹவுஸிடம் பதிவு செய்து, சொந்த உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் டிக்யூஎஸ் கீ என்ற அணுகு சாவியை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

53-ஆம் போர்ட் வழிமறிக்கப்படும் இணைப்பில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது. வெளியே சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்று இருந்தால் அன்பவுண்டை அங்கே வைத்து, வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் வழியாகக் கேட்பதுதான் உருப்படியான வழி.

படி 6: மற்றவர்களுக்கு உங்களைத் தெரிகிறதா?

இதுவரை பார்த்தது உங்கள் சர்வர் கேட்கும் கேள்விகள். உங்களைப் பற்றி மற்றவர்கள் கேட்பதற்கும் சரியான பதில் போக வேண்டும். எக்சாம்பிள்.காம் உங்கள் டொமைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்எக்ஸ் பதிவு ஒரு பெயரைத்தான் காட்ட வேண்டும், ஐபியைக் காட்டக் கூடாது. அந்தப் பெயர் சிநேம் (இன்னொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர்) ஆக இருக்கக் கூடாது, நேரடி முகவரிப் பதிவு வேண்டும். டொமைனின் பதிவுகள் அடங்கிய சோன் ஃபைலைக் கையால் எழுதுகிறவர்கள் பெயரின் முடிவில் புள்ளியை விட்டுவிட்டால் 'மெயில்.எக்சாம்பிள்.காம்.எக்சாம்பிள்.காம்' என்று ஆகிவிடும். டிக்கில் ஒருமுறை கேட்டால் கண்ணில் பட்டுவிடும்.

தலைகீழ்ப் பதிவு, அதாவது பிடிஆர், உங்கள் டொமைன் வாங்கிய இடத்தில் இருக்காது. அது ஐபியின் உரிமையாளரான இணைய நிறுவனத்தின் கையில். 'டிக் -எக்ஸ்' போட்டு உங்கள் ஐபியைக் கேளுங்கள். வரும் பெயரை மறுபடி தேடினால் அதே ஐபி வர வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு அனுப்பும் எல்லோரிடமும் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது, இல்லையென்றால் 5.7.25 குறியீட்டோடு மெயில் திரும்பும். ஐபிவி4-க்குப் பிடிஆர் வைத்துவிட்டு ஐபிவி6-ஐ மறந்துவிடுவதும் நடக்கும். அதற்குப் பிடிஆர் வாங்க முடியாவிட்டால் 'ஐநெட்_புரோட்டோகால்ஸ்=ஐபிவி4' என்று வைத்துவிடுங்கள்.

ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால், அதாவது ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிரும் ஏற்பாட்டில், இருக்கிறீர்கள். அந்த ஐபி உங்களுடையதே இல்லை. பிடிஆர் கேட்கவும் வழியில்லை, வெளியிலிருந்து யாரும் உங்களை எட்டவும் முடியாது. இந்தியாவில் வீட்டு இணைப்புகள் பலவற்றில் இதுதான் நிலை. தனி ஐபி காசு கொடுத்து வாங்குங்கள், அல்லது விபிஎஸ் வழியாக மெயிலை வரவழைத்து அனுப்புங்கள். டிஎன்எஸ்ஸை எவ்வளவு திருத்தினாலும் இது தீராது.

படி 7: நீளமான பதில்கள்

டிகிம் சாவி மட்டும் சரிபார்க்க முடியவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால், பதிலின் நீளத்தைச் சந்தேகியுங்கள். டிஎன்எஸ் வழக்கமாக யுடிபியில் பேசும். பதில் பெரிதானால் டிசிபிக்கு மாறும். ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட்டுக்கு யுடிபியை மட்டும் திறந்திருந்தால் அங்கே நின்றுவிடும். '+டிசிபி' சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். உங்கள் சொந்த டிகிம் பதிவு என்றால், டிஎக்ஸ்டி பதிவில் ஒரு துண்டு 255 எழுத்தைத் தாண்டக் கூடாது. 2048 பிட் சாவியை இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும்.

படி 8: திருத்திய பிறகு

திருத்திய உடனே வேலை செய்யவில்லை என்று மறுபடி மாற்றத் தொடங்காதீர்கள். 'இல்லை' என்ற பதிலையும் ரிசால்வர்கள் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பது டொமைனின் எஸ்ஓஏ பதிவைப் பொறுத்தது. சில நிமிடமோ சில மணி நேரமோ இருக்கலாம். உங்கள் அன்பவுண்டில் 'அன்பவுண்டு-கண்ட்ரோல் ஃபிளஷ்_சோன்' என்று டொமைனைக் கொடுத்து அழித்துவிடலாம். மற்றவர்களுடையது தானாகத்தான் தீர வேண்டும்.

'போஸ்ட்க்யூ -பி' கொடுத்து வரிசையைப் பாருங்கள். பிறகு 'போஸ்ட்க்யூ -எஃப்' கொடுத்தால் தேங்கியது எல்லாம் உடனே கிளம்பும். லாகில் 'ஸ்டேட்டஸ்=சென்ட்' வரிகளைப் பார்த்த பிறகு சாஃப்ட்_பவுன்ஸை எடுத்துவிடுங்கள். அப்புறம் சர்வரை ஒருமுறை முழுதாக அணைத்து, ரூட்டரையும் அணைத்து, இரண்டையும் ஒன்றாக எழுப்பிப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு தானாக எழுந்து நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

டொமைன் பதிவாளரிடம் கொடுத்திருக்கும் தொடர்பு முகவரியையும் இன்றே பாருங்கள். அது இதே டொமைனில் உள்ள முகவரியாக இருந்தால் வேறொன்றுக்கு மாற்றுங்கள். டொமைன் காலாவதியாகப் போகிறது என்று அவர்கள் அனுப்பும் எச்சரிக்கை, சர்வர் படுத்திருக்கும் நாளில் உங்களுக்கு வந்து சேராது.